காருக்கும் உண்டு அங்கணக்குழி

இது சற்றே நீளமான பதிவு. ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்துக் கொடுக்க வேண்டிய மாதத்தில் இவள் காரின் வடிகாலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று என் நெறியாளர் எண்ணக்கூடும். அவரிடமும் கார் இருக்கிறது. அதை அவர் நாள்தோறும் தூங்குமூஞ்சி மரத்தின் கீழேதான் நிறுத்துகிறார். ஆகவே அவரும் இதைப் படித்துவைப்பது நல்லது.

மும்பையில் மழை என்பது ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை நீளும் ஒரு வாழ்முறை. துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், புத்தக அட்டைகள் வளைந்து நிற்கும், தோல் செருப்பில் பூஞ்சை படரும். இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். எங்கள் காருக்குள் எழுந்த வாடையை மட்டும் பழகிக்கொள்ள இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தபின், திங்கள், புதன், வெள்ளி என வாரத்துக்கு மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வதற்கென்றே, எட்டு ஆண்டுகள் ஓடியிருந்த சிறிய கார் ஒன்றை வாங்கினேன். காலை ஏழு மணிக்கு இயந்திரத்தோடு இணைத்தால் நான்கு மணி நேரம் கழித்துத்தான் விடுவிப்பார்கள். இரத்த அழுத்தம் இறங்கி, முகம் வெளிறி, தள்ளாடி வெளியே வருகிறவரை மழை நாளில் ஆட்டோவின் சாரலில் உட்காரவைக்க மனம் ஒப்பாது. அன்றியும், கனமழை நாளில் மும்பையில் ஆட்டோ கிடைப்பது ஊழ்வினையைப் பொறுத்தது.

ஜூலை முதல் வாரத்தில், ஓட்டுநருக்கு இடப்பக்கத்தில், அதாவது அம்மா கால் நீட்டி அமரும் இடத்தில், ஈரம் தெரிந்தது. குடையிலிருந்து சொட்டியது என்று சொல்லிவிடக்கூடிய அளவே அது. பத்தே நாளில், ஃபுட்மேட்டைத் தூக்கி அடியிலுள்ள கார்ப்பெட்டை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. வாடை அதற்கு முன்பே வந்துவிட்டது. “ஏட்டி, கண்ணாடிய எறக்கு. நனஞ்ச சாக்க மடிச்சு வச்ச வாடை அடிக்கு” என்பார் அம்மா. கண்ணாடியை இறக்கினால் மழை, ஏற்றினால் இருமல். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நோயெதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் என்பதால், பூஞ்சை பிடித்த மூடிய இடத்தில் அவரை நெடுநேரம் இருக்கவிடாதீர்கள் என்று பணியிலிருந்த மருத்துவர் சொன்னார். போகவர ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு பணிமனையில் காரை விட்டேன். பெயர் வேண்டாம். குளிரூட்டப்பட்ட வரவேற்பறையும் காப்பி இயந்திரமும் உள்ள இடம். மாலையில் அச்சிட்ட மதிப்பீடு ஒன்று கையில் தரப்பட்டது: முன்கண்ணாடியின் பசை விட்டுப்போயிருக்கிறது, கண்ணாடியைக் கழற்றிப் புதிதாக ஒட்ட வேண்டும், 14,000 ரூபாய். தண்ணீர் ஊற்றிச் சோதித்தீர்களா என்று கேட்டேன். “அனுபவத்தில் தெரியும் மேடம்” என்றார் அங்கிருந்த இளைஞர். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதும், எந்த மாதத்துக்குரியது எந்த மாதத்தில் வந்து சேரும் என்பது எவராலும் அறுதியிட்டுச் சொல்லக்கூடாத ஒன்று என்பதும் இதைப் படிப்போர் பலருக்குத் தெரியும். அனுபவத்தைச் சான்றாக ஏற்றுக்கொண்டு 14,000 ரூபாயை எடுத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. காரை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். வாடையை மறைக்க அவர்கள் உள்ளே தெளித்திருந்த மல்லிகை மணம் அம்மாவுக்கு வாந்தியை வரவழைத்தது.

கார் என்பது தண்ணீர் புகாத பெட்டி என்று அதை ஓட்டுகிற நாம் எண்ணிக்கொள்கிறோம். அதை வடிவமைக்கிறவர்கள் அப்படி எண்ணுவதில்லை. நீர் புகுந்தே தீரும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, புகும் நீர் எவ்வழியே வெளியேற வேண்டும் என்பதைத்தான் அவர்கள் வகுத்துவைக்கிறார்கள். முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வழிந்து, வைப்பர் கைகள் முளைக்கும் இடத்திலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கிரில்லின் இடுக்குகள் வழியே கீழே இறங்குகிறது. பெரும்பாலான கார்களில் அந்தக் கிரில்லுக்கு அடியில், வண்டியின் அகலம் முழுவதற்கும் ஒரு தகரத் தொட்டி உண்டு. கௌல் என்பார்கள். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளிந்திருப்பதால் ஆண்டுக்கணக்கில் கார் வைத்திருப்போரிலும் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். அந்தத் தொட்டியின் இரு முனைகளிலும் வடிகால் துளைகள் இருக்கும். அவை வழியே நீர் முன்சக்கரங்களுக்குப் பின்புறமாகத் தரையில் போய் விழும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காருக்குள் வெளிக்காற்றை இழுத்துத் தரும் ப்ளோயரின் வாயும் இதே தொட்டிக்குள்தான் திறந்திருக்கிறது. காற்று வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்பதற்காக அந்த வாயைச் சுற்றிச் சில விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பை எழுப்பியிருப்பார்கள். தொட்டியின் நீர்மட்டம் அந்த விளிம்பைத் தாண்டாதவரை குறையொன்றுமில்லை. துளைகளை இலைக்குப்பை அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறும், விளிம்பைத் தாண்டும், ப்ளோயர் வழியாக நீர் நேரே உள்ளே கொட்டும். நம் நாட்டுக் கார்களில் ப்ளோயர் பெரும்பாலும் இடப்பக்கத்து டேஷ்போர்டுக்குள் இருப்பதால், நனைவது எப்போதும் பக்கத்து இருக்கையில் அமர்பவரின் கால்தான்.

மழையோடு தொடர்பில்லாத இன்னொரு நீரும் உண்டு. அதை ஏ.சி.யே உண்டாக்குகிறது. ஜூலை மாத மும்பைக் காற்றை 28 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டது என வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். ஏ.சி.யின் குளிர்ந்த சுருளைத் தொட்டு 8 பாகைக்கு இறங்கும்போது அதே காற்றால் 8 கிராமைத்தான் தாங்க முடியும். எஞ்சிய 15 கிராம் நீராகி அச்சுருளின்மீது முத்துமுத்தாய்ப் படியும். ப்ளோயர் மணிக்கு நூறு கன மீட்டர் வெளிக்காற்றைத் தள்ளினாலே ஒன்றரை லிட்டர். உள்காற்றையே சுழலவிட்டால் குறையும்; ஆனாலும் நின்றுபோகாது. இந்த நீர் சுருளின் அடியிலுள்ள தட்டில் சேர்ந்து, விரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாய் வழியாக, எஞ்சின் பக்கத்துத் தகரச் சுவரைத் துளைத்து வெளியே சொட்ட வேண்டும். கோடையில் நின்றுகொண்டிருக்கும் காரின் அடியில் சிறு குளம் கட்டியிருப்பதைக் கண்டு பதறுவோர் உண்டு. சொட்டுவது நலத்தின் அறிகுறி. சொட்டாமல் இருந்தால்தான் பதற வேண்டும்.

இந்தக் குழாய்க்கு வரும் நோய்கள் இரண்டு. ஒன்று அடைப்பு, தூசியும் பாசியும் சேர்ந்து கட்டும் சேற்றாலோ, வாயில் பூச்சி கட்டும் கூட்டாலோ வருவது. மற்றொன்று கழன்றுபோதல். அடைபட்ட வடிகால் நீரைத் தேக்குகிறது. தளர்ந்த வடிகால் நீரைத் தாராளமாக வடிக்கிறது, வடிக்கக்கூடாத இடத்தில். முன்னதைக் கண்டுபிடிப்பது எளிது. பின்னதில் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

அம்மாவுக்காக நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இயந்திரத்தில் இணைப்பதற்கு முன் எடை, பின் எடை, அருந்திய நீரின் அளவு எனத் தேதிவாரியாக. அவருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி. குழம்பும் மோரும் அதற்குள் அடக்கம். பணிமனையிலிருந்து திரும்பிய மறுநாள் முதல், அந்தக் குறிப்பேட்டின் எதிர்ப்பக்கத்தில் காரின் கணக்கையும் எழுதத் தொடங்கினேன். மழை பெய்ததா, ஏ.சி. ஓடியதா, கார் எங்கே நின்றது, கார்ப்பெட்டின்மீது வைத்த செய்தித்தாள் காலையில் எந்த அளவு நனைந்திருந்தது. பன்னிரண்டு நாள் தரவு சேர்ந்தது. அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. ஒரு ஞாயிறு முழுவதும் கார் வளாகத்து மரத்தடியில் அசையாமல் நின்றது, ஏ.சி. ஓடவேயில்லை, ஆயினும் மாலைப் பெருமழைக்குப்பின் தாள் கூழாகிக் கிடந்தது. அப்படியானால் மழைநீர். அடுத்து மூன்று நாள் சொட்டு மழையில்லை. காரைக் கூரையின் கீழே நிறுத்தியிருந்தேன். புதனன்று மருத்துவமனைக்குப் போய்வந்தபின் தாள் நனைந்திருந்தது. அப்படியானால் ஏ.சி. நீர். ஞாயிற்றுக்கிழமையின் தண்ணீர் கலங்கலாய், இலைச்சாறு போல் இருந்தது. புதன்கிழமையின் தண்ணீர் தெளிவாய், குளிர்ந்திருந்தது. இதையும் எழுதிவைத்தேன்.

குர்லாவில் வாகன உதிரிபாகக் கடைகளும் சிறு பட்டறைகளும் நெருங்கி நிற்கும் சந்து ஒன்றில், அறுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். விடுதித் தோழி ஒருத்தி சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை காலை, வீட்டில் தனியே இருக்கமாட்டேன் என்று அம்மாவும் உடன்வந்தார். பட்டறைச் சிறுவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “பைட்டியே மாஜி” என்று உட்காரவைத்தான். பெரியவர் காரைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டார். ஏ.சி. போட்டால் வருகிறதா, மழை பெய்தால் வருகிறதா? வருகிற தண்ணீர் குளிர்ந்ததா, சாதாரணமா? குறிப்பேட்டைப் பார்த்து, இரண்டும் உண்டு சாச்சா என்றேன். அவர் சிரித்தார். “அப்படியென்றால் இரண்டு நோய், மேடம்ஜி. ஒரு நோய்க்குப் போய் இரண்டு மருத்துவரைப் பார்ப்பார்கள். இரண்டு நோய்க்கு ஒரே மருந்து கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்” என்று இந்தியில் சொன்னார். ஒரு விளைவுக்கு ஒரு காரணமே போதும் என்று ஒக்காமின் கத்தியைத் தீட்டிக்கொண்டே வளர்ந்த நமக்கு இது பாடத்திட்டத்தில் இல்லாத செய்தி. கண்ணாடிப் பசை என்ற விளக்கத்தால் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல முடியும், புதன்கிழமையைச் சொல்ல முடியாது. ஏ.சி. என்ற விளக்கத்தால் புதனைச் சொல்ல முடியும், ஞாயிறு கைவிட்டுப்போகும்.

பெரியவர் வைப்பர் கைகளைக் கழற்றினார். கிரில்லின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினார். கிரில்லைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தார். கௌல் தொட்டியின் இடப்பாதி முழுவதும் கறுத்து மக்கிய எருவாக இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் கிரில்லின் இடுக்கில் நுழைவதற்கென்றே அளவெடுத்துச் செய்தவை போன்றவை. அவற்றோடு குல்மோகர் இதழ்கள், காய்த்தோல், ஒரு பீடித்துண்டு. நடுவே, இரண்டு இலைவிட்ட அரசங்கன்று. அதைப் பிடுங்கிச் சுவரோரத்தில் ஒரு டப்பாவில் நட்டுவிட்டுத்தான் அவர் மேலே தொடர்ந்தார். எருவைக் கையாலேயே அள்ளினார். துளைக்குள் குச்சியை விட்டுக் குத்தவில்லை. குத்தினால் குப்பை உள்ளே இறுகும் என்றார். சுற்றிலும் சுரண்டி எடுத்தபின் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு இடது முன்சக்கரத்தின் பின்னே, தரையில், பழுப்பு நிறத் தாரை ஒன்று விழத் தொடங்கியது. பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தோம். அடியில் ஒரு சொட்டும் இல்லை. டேஷ்போர்டின் அடியில் படுத்துக் கைவிட்டுத் துழாவியவர், குழாயின் மேல்முனையை வெளியே இழுத்துக் காட்டினார். தட்டின் மூக்கிலிருந்து அது கழன்று பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் இல்லை. முன்னெப்போதோ சுருளைக் கழுவிய யாரோ மீண்டும் மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். புதிய கிளாம்ப் 20 ரூபாய். கூலி உட்பட எல்லாம் சேர்த்து 450 ரூபாய் கேட்டார்.

அம்மா நாற்காலியிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவன் கொண்டுவந்த தேநீரில் கால் குவளையை மட்டும் அளந்து குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். “காருக்கும் அங்கணக்குழி உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். “அது அடைச்சுக்கிட்டா தண்ணி மேல ஏறுது. அப்ப அதுக்கும் எனக்கும் ஒரே நோவுதாம்ட்டி” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் என்னவென்று கேட்டார், மொழிபெயர்த்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் இடக்கையில் ஊசி ஏற்றிப் புடைத்திருந்த நரம்பை ஒருகணம் பார்த்துவிட்டுக் காரின் பக்கம் திரும்பிக்கொண்டார். கூலியில் 50 ரூபாயைத் திருப்பித் தந்தார். வாங்க மறுத்தேன். சிறுவன் கையில் கொடுங்கள் என்றார்.

அங்கணம் என்பது திருவள்ளுவர் ஆண்ட சொல். திருநெல்வேலி வீடுகளில் அது இன்றும் புழங்குகிறது. பெரியவர் அதையே நாலி என்றார். தெருவோரச் சாக்கடைக்கும் காரின் ரப்பர் குழாய்க்கும் அவரிடம் ஒரே சொல்தான். அதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் பட்டது. என் ஆய்வுப் பொருள் இடைக்காலக் கல்வெட்டுகளில் ஏரிப் பாசனம் என்பதால், வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனம் வேறு சொற்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையை ஊடுருவி நீரை வெளியே விடும் அமைப்பைக் கல்வெட்டுகள் தூம்பு என்கின்றன. உள்ளே துளையுள்ள குழாய் என்பதே அச்சொல்லின் பொருள். ஏ.சி.யின் ரப்பர் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் உருவாக்கித் தரப்போவதில்லை. மட்டம் மீறிய நீர் வழிந்து செல்ல அமைப்பது கலிங்கு. எங்கள் காரில் கௌல் தொட்டியின் துளைகள் தூர்ந்தபோது, ப்ளோயரின் வாய் தன் விருப்பமின்றியே கலிங்காகிவிட்டது. 10ஆம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில், ஏரி வாரியம் எனத் தனியே ஒரு குழு பேசப்படுகிறது. ஏரியை வெட்டுவதோடு வேலை முடிந்ததென்று அவர்கள் கருதவில்லை. ஆண்டுதோறும் தூர் எடுப்பதற்கென்றே பொன்னும் நிலமும் கொடையாக விடப்பட்டன. கட்டியவன் பெயரைக் கொண்டாடும் நம் வரலாற்று நூல்களில் தூர்வாரியவன் பெயர் இடம்பெறுவதில்லை என்பது என் நான்காம் இயலின் வருத்தம். அதை இங்கே கொண்டுவந்து நீட்டவில்லை.

நீட்டாவிட்டாலும், மும்பையில் இருந்துகொண்டு இதை நினையாமல் இருக்க முடியாது. இந்நகரத்தின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் இறங்கியிருக்கும் வேளையில், ஏற்பதற்கெனத் திட்டமிடப்பட்டவை. அதை 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என்று 1993இல் வந்த பிரிம்ஸ்டோவாட் அறிக்கை பரிந்துரைத்தது. 2005 ஜூலை 26 அன்று, அப்பணிகள் நிறைவேறாமல் கிடந்த நிலையில், சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரைச் சுமந்து மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் மிட்டி ஆறு, கரைகள் நெருக்கப்பட்டுக் குப்பையால் தூர்ந்திருந்ததால், குர்லாவுக்குள் புகுந்தது. பெரியவரின் பட்டறைச் சுவரில் அந்த நாளின் நீர்மட்டம் இன்றும் ஒரு கோடாகத் தெரிகிறது. அதற்குமேல்தான் அவர் ஸ்பேனர் பலகையை மாட்டியிருக்கிறார். ஆண்டுதோறும் மழைக்கு முன் மாநகராட்சி நாலா சஃபாய் என்ற பெயரில் கால்வாய்களைத் தூர்வாருகிறது. எடுத்த சேறு எவ்வளவு என்று ஆண்டுதோறும் வழக்கு எழுகிறது.

காருக்கு நாலா சஃபாய் செய்ய ஒரு மே மாத ஞாயிறு போதும். செலவும் இல்லை. கிரில்லைக் கழற்ற அஞ்சுவோர் பானெட்டைத் திறந்து, அதன் இரு ஓரங்களிலும் எட்டும் அளவுக்குக் கையைவிட்டு இலைகளை அள்ளினாலே பாதி வேலை முடிந்தது. பிறகு ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றி, இரு சக்கரங்களின் பின்னும் அது விழுகிறதா என்று பாருங்கள். ஏ.சி.யைக் கால்மணி நேரம் ஓடவிட்டு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லையென்றால் குழாயின் கீழ்முனையை விரலால் பிசைந்துவிட்டாலே சில வேளை கட்டி நின்ற சேறு உதிர்ந்து நீர் கொட்டும். கொட்டும்போது முகத்தை அடியில் வைத்திருக்க வேண்டாம். அப்போதும் வராவிட்டால் மேல்முனை மூக்கில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சன்ரூஃப் வைத்த கார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேராசிரியர்கள் இப்போது அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் முழு நீரையும் தடுக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. அதைத் தாண்டி வரும் நீரை அடியிலுள்ள ஒரு குறுகிய வாய்க்கால் ஏந்திக்கொள்கிறது. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள், கண்ணாடியை ஒட்டிய முன்தூண்களுக்குள்ளும் பின்தூண்களுக்குள்ளும் மறைந்து இறங்கி, காருக்கு வெளியே முடிகின்றன. இவற்றில் ஒன்று அடைந்தால் கூரைத்துணியில் பழுப்புக் கறை படரும், அல்லது தூணின் வழியே இறங்கிக் கால்மாட்டை நனைக்கும். கறையைக் கண்டதும் ரப்பரை மாற்றச் சொல்வார்கள். ரப்பர் பெரும்பாலும் குற்றமற்றது. இங்கே செய்யக்கூடாதது ஒன்று உண்டு: கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் செலுத்துவது. அடைப்பு போகாமல், தூணுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் குழாய் மூட்டு கழன்றுகொள்ளும். பிறகு அடைப்பு நோய் தளர்வு நோயாக மாறிவிடும். கூரைத்துணியையே இறக்க வேண்டியிருக்கும். கம்பியும் ஆகாது, குழாயைத் துளைத்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் தடித்த நைலான் இழையின் நுனியை நெருப்பில் காட்டி உருட்டிக்கொண்டு, மெல்லச் செலுத்துவதே பாதுகாப்பு.

கதவுகளும் அப்படியே. ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் கீழ்விளிம்பிலுள்ள சிறு துளைகள் அதை வெளியேற்றும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே சளக் சளக்கென்று ஒலித்தால் அவை அடைந்திருக்கின்றன. துருத்தடுப்புப் பூச்சு அடிப்பவர்கள் கவனமின்றி அவற்றையும் பூசி மூடிவிடுவதுண்டு. கதவின் உட்பலகைக்குப் பின்னே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை, ஸ்பீக்கர் மாட்டுவதற்காகக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிட்டாலும் நீர் உள்ளே வரும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியை மட்டும் ஆண்டுக்கு இருமுறை கையால் தடவிப் பார்த்தால் போதும்.

வழியைத் திறந்துவிட்டதும் கார் காய்ந்துவிடுவதில்லை. கார்ப்பெட்டின் அடியில் விரல் தடிமனுக்குமேல் நார்ப்பஞ்சு இருக்கிறது. மேற்பரப்பு உலர்ந்தபின்னும் அது லிட்டர் கணக்கில் நீரைப் பிடித்துவைத்திருக்கும். வாடை அங்கிருந்துதான் வருகிறது. பல கார்களில் மின்கம்பிகளின் இணைப்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. அவை பச்சைபிடித்துப் போனால் அடுத்த செலவு 14,000 ரூபாயோடு நிற்காது. வாசற்படியின் பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றி, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, இடையில் இரண்டு செங்கற்களை வைத்தேன். விடுதியிலிருந்து மேசை மின்விசிறி ஒன்றைக் கடன்வாங்கி இரண்டு இரவு ஓடவிட்டேன். ஜூலைக் காற்றால் எதையும் உலர்த்த முடியாது என்பதால், பகலில் காரின் ஹீட்டரையும் ஏ.சி.யையும் ஒருசேரப் போட்டு ஓட்டினேன். ஒன்று ஈரத்தை ஆவியாக்கும். மற்றொன்று அந்த ஆவியைப் பிடித்து நீராக்கித் தூம்பின் வழியே வெளியே தள்ளும். ஐந்தாம் நாள் செய்தித்தாள் உலர்ந்திருந்தது. ஆறாம் நாள் அம்மா கண்ணாடியை இறக்கச் சொல்லவில்லை.

டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில்தான் இருக்கிறேன். மடிக்கணினியில் கல்வெட்டுப் படிகளை வாசிப்பேன். சலிக்கும்போது பானெட்டைத் திறந்து அன்றைக்கு விழுந்த இலைகளைப் பொறுக்குவேன். அங்கேயும் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. சென்ற வெள்ளியன்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அருகில் வந்தார். “தாயி” என்று அழைத்தார். மராத்தியில் அக்கா என்று பொருள். மழை பெய்தால் தம் வண்டியில் நோயாளியின் உறவினர் அமரும் பக்கம் நனைகிறது, அதையும் ஒருமுறை பார்க்கலாமா என்றார். இருவரும் சேர்ந்து கிரில்லை நெம்பினோம். இடப்பக்கத் துளையில் ஒரு பிடி இலைக்குப்பையும், அதற்குள் செருகியபடி ஓர் ஊசியின் மூடியும் இருந்தன. அவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினார். நான் சக்கரத்தின் பின்னே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.